மேசை துடைக்கிற சாசா

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் வரும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நாலு பேர் முன்னால் நின்று இதைச் சொல் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலீஸ்காரர் நாட்டில், ஃபாரஸ்ட் கேட் என்கிற இடத்தில், ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் எனக்கு மத்தியான வேலை. ஹோல் என்கிற பெரிய மண்டபத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு எழும்பியதும் மேசைகளைத் துடைத்து, மடித்து, சுவரோடு தள்ளிவிட்டு, தரையையும் துடைக்க வேண்டும். என் மகள் படிப்பதும் அங்கேதான். வேலை கிடைத்த அன்றே அவளிடம் சொல்லி வைத்தேன்.

"ஹோலுக்குள்ள என்னை அப்பா எண்டு கூப்பிடாத. மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணுவினம்."

"ஏன் பகிடி பண்ணுவினம்?"

"சொன்னாக் கேள், பிள்ளை."

அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டோடு என்னைக் கடந்து போகும்போதுகூட அவள் என் பக்கம் திரும்பமாட்டாள். பின்னேரம் தாய் வந்து கூட்டிக்கொண்டு போவாள். வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் பள்ளியின் கோடைப் பருவத் தவணையில் சமோவாவில் பிறந்த ஓர் ஆசிரியை நடனம் பழக்க வந்தார். சமோவா பசிபிக் கடலில் இருக்கிற தீவு. உயரமான பெண், சிரித்தால் மண்டபம் முழுக்கக் கேட்கும். நான் துடைத்த தரை காய முன்னமே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகளின் வகுப்புப் பிள்ளைகளை வரிசை வரிசையாகச் சப்பணம் கட்டி உட்கார வைத்தார். ஒரு பாயைச் சுருட்டி முன்னால் போட்டு, இரண்டு தடியால் அடிக்கத் தொடங்கினார். அந்தச் சத்தத்தில் என் கைத்துணி அப்படியே நின்றுவிட்டது.

ஆட்டத்தின் பெயர் சாசா. அவர் பேசியது இங்கிலீசில். என் காதில் விழுந்தபடி எங்கட பேச்சில் எழுதுகிறேன்.

"இதில முன்னுக்கு நிண்டு ஆடுற ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை. வேலை செய்யிற கையள்தான் ஆடும்."

வள்ளம் வலிப்பது, வலை வீசுவது, தேங்காய் திருவுவது என்று மூன்றையும் காட்டினார். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே செய்தார்கள். பிறகு தடியைக் கீழே வைத்தார்.

"இது எங்கட ஆக்களின்ர வேலை. அடுத்த கிழமை உங்கட ஆக்களின்ர வேலையைக் கொண்டு வாங்கோ. ஆட்டத்தை நான் கட்டித் தரமாட்டன். நீங்கள்தான் கட்டவேணும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் மகளுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். "சித்தப்பா டொக்டர்தானே. ஊசி போடுற மாதிரிக் காட்டு."

"அவர் எப்ப பாத்தாலும் கொம்பியூட்டரைத்தான் தட்டிக்கொண்டிருப்பார், அப்பா."

"அப்ப அம்மா ரொட்டி போடுறதைக் காட்டு."

அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். வகுப்பில் ஒருநாளும் கை உயர்த்தாத பிள்ளை என்று அவளுடைய ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வருடமும் எழுதுவார்கள். அதில் என்னைப் போல.

அடுத்த கிழமை நான் கடைசி மேசைகளை மடித்துக்கொண்டிருக்கும்போதே வகுப்பு வந்துவிட்டது. ஒரு பிள்ளை தகப்பன் பஸ் ஓட்டுவதைக் காட்டியது. இன்னொன்று தாய் நூலால் புருவம் எடுப்பதைக் காட்டியது. ஒரு பையன் பெருவிரலைப் போனில் தள்ளுவதுபோல் ஆட்டினான். "என்ர அண்ணா செய்யிற வேலை இது மட்டும்தான்" என்றான். ஆசிரியைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கடைசிச் சுவரில இருக்கிற ஆளுக்கு உன்ர பெருவிரல் தெரியுமோ? பெருசாக்கு!"

அவன் கை முழுவதையும் வீசி, வானத்தில் திரைச்சீலை இழுப்பதுபோல் இழுத்தான். ஒரு பெருவிரலுக்குள் அவ்வளவு பெரிய அசைவு இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

சனிக்கிழமைகளில் பரதநாட்டியம் பழகுகிற எங்கட தமிழ்ப் பிள்ளை ஒன்று, கழுத்தை வெட்டி, கண்ணை உருட்டி, முகம் முழுக்கச் சிரிப்போடு பூக் கட்டிக் காட்டியது.

"நல்ல வடிவு," என்றார் ஆசிரியை. "ஆனா எல்லாரும் உன்னை மட்டும் பாப்பினம். பக்கத்தில இருக்கிறவனுக்கு என்ன வேலை?"

"எங்கட டான்ஸ் மிஸ் சிரிக்கச் சொன்னவ."

"சிரி. எல்லாரும் சேர்ந்து சிரிப்பம்."

பிறகு என் மகளின் முறை. அவள் வலது கையை நீட்டி, அரைவட்டமாகத் தன் பக்கம் இழுத்தாள். இடது கை இல்லாத மேசையின் விளிம்புக்குக் கீழே குழிந்து காத்திருந்தது. பிறகு இரண்டு கையையும் குழித்துத் தட்டினாள். மேசையில் சிந்திக் கிடக்கும் பச்சைப் பட்டாணியை நான் வழித்துக் கையில் ஏந்துகிற விதம். அச்சு அசல்.

"பட்டாணிக்காரன்!" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மடித்த மேசைக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். அதன் காலில் இருந்த சில்லு உருண்டு கிரீச்சிட்டது.

"பட்டாணிக்காரன் இல்லை. அது என்ர அப்பா," என்று மகள் கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

முழு வகுப்பும் திரும்பியது. நான் பயந்தது இதற்குத்தான்.

"உண்மையாவோ?" என்றான் கத்தினவன். "அப்ப மிஞ்சிற கஸ்டர்ட் எல்லாம் உங்கட வீட்டை வருமோ?"

"வராது. எறிஞ்சுபோடுவார்."

"சீ!" அவன் உண்மையாகவே கவலைப்பட்டான்.

ஆசிரியை பாயில் தட்டினார். எல்லாரும் செய்து பார்த்தார்கள். குழம்பிப் போனது. ஒவ்வொருவரும் குனிந்து தங்கள் இடது கையைப் பார்த்தார்கள். அப்போது என் மகள் எழும்பினாள்.

"கீழ்க் கையைப் பாக்காதேங்கோ. அப்பா பாக்கமாட்டார். மற்றப் பக்கம் ஆர் பாலைக் கீழ ஊத்துறாங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிப்பார். பட்டாணி தானா வந்து விழும்."

இது எனக்கே தெரியாத விசயம். என் பக்கம் திரும்பாமல் போன பிள்ளை இதையெல்லாம் எப்போது பார்த்தாள்?

பிறகு அவர்களாகவே கட்டினார்கள். பஸ் முதலில் வரவேண்டும் என்று ஒரு சண்டை. புருவமும் பட்டாணியும் ஒட்டாது என்று இன்னொரு சண்டை. "முன் வரிசை முதல்ல துடைக்கட்டும், மற்ற வரிசை ஒரு தாள அடி பிந்தித் துடைக்கட்டும். அப்ப ஹோல் முழுக்க மேசை துடைக்கிற மாதிரி இருக்கும்" என்று என் மகள் சொன்னாள். கஸ்டர்ட் கேட்டவன்தான் முதலில் "ஓம், அது நல்லம்" என்றான். ஆசிரியை எதிலும் தலையிடவில்லை. கேட்டபோதெல்லாம் தாளம் மட்டும் கொடுத்தார்.

தவணை முடிவில் தாய் தகப்பன்மாரைக் கூப்பிட்டு மண்டபத்தில் ஆடிக் காட்டினார்கள். நான் மனைவியோடு பின்சுவரில் சாய்ந்து நின்றேன். பாய் அதிர்ந்தது. உள்ளங்கைகள் எல்லாம் ஒரேயடியாகத் தொடையில் விழுந்தன. ஒரு பெரிய பறவை எழும்புகிற சத்தம். வள்ளம் வந்தது, பஸ் வந்தது, அண்ணாவின் பெருவிரல் வானத்தைத் தள்ளியது. பிறகு முன் வரிசையில் கைகள் நீண்டு வளைந்து வந்தன. அடுத்த வரிசை, அதற்கு அடுத்தது. அலை சுவர் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. ஒரு பிள்ளையும் கீழ்க் கையைப் பார்க்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் நாள்தோறும் செய்கிற வேலை அவ்வளவு பெரிதாக அந்த மண்டபத்தை நிரப்பி நின்றது.

மகளைத் தேடினேன். எல்லாக் கைகளும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன. எது யாருடைய பிள்ளை என்று பிடிபடவில்லை.

"இஞ்சரப்பா, எங்க பிள்ளை?" என்று மனைவி என் கையைச் சுரண்டினாள்.

"தெரியேல்லை."

"என்னப்பா, சொந்தப் பிள்ளையைத் தெரியேல்லையோ?" என்று சொல்லி அவளும் எட்டி எட்டிப் பார்த்தாள். ஆட்டம் முடியும் வரைக்கும் இரண்டு பேராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதை எழுதி முடித்தது 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.