மாமா நாய்க்கு நடை பழக்கியது

என் அக்கா புருஷன் டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருஷமாக மாஸ்டர். அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் எங்கே இடித்துவிடுவாரோ என்று சதா அதன் மேலேயே கால். பேருந்தில் போனாலும் அந்தக் கால் சும்மா இருக்காது, தரையை மிதித்துக்கொண்டே வரும். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை என்று மனிதருக்குப் பெருமை வேறு. பத்து நாளில் ஓட்டப் பழகவேண்டியவர்கள் இவரிடம் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள்.

அக்காவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகி ஐந்து வாரம். தினமும் தெருமுனை வரை நடந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் முட்டி இறுகிப்போய் அப்புறம் மடங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளோ மாடியில் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியை விட்டு அசையவில்லை. கூடமாட இருக்க வந்த நான் கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "நாளைக்குப் பாக்கலாம்டி" என்பாள். முட்டி நாளுக்கு நாள் கட்டையாகிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கு மாமா கண்டுபிடித்த வைத்தியம் ஒரு நாய்க்குட்டி. அதைக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கிலாவது இறங்குவாள் என்று கணக்கு. யோசனை நல்ல யோசனைதான். வாண்டு என்று பெயர் வைத்தவளே அக்காதான். கயிற்றை அவள் கையில் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "இழுத்து விழ வெச்சிடும். நான் பழக்கித் தரேன், அப்புறம் நீ கூட்டிட்டுப் போ" என்று வாங்கிக்கொண்டுவிட்டார்.

அன்று முதல் தினமும் காலையில் வாசலில் கூத்து. வாண்டு குஷியாக நாலடி வைக்கும். உடனே மாமாவின் கால் தரையை அழுத்தும், கை தன்னால் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும். குட்டி திகைத்து நிற்கும். மறுபடி நாலடி, மறுபடி ஓர் இழுப்பு. ஒரே வாரத்தில் அதற்குப் பாடம் புரிந்துவிட்டது. கயிற்றை மாட்டினால் உட்கார வேண்டும். இரண்டாம் வாரம் பிஸ்கட் காட்டினார், உட்கார்ந்தபடியே தின்றது. மூன்றாம் வாரம் தரதரவென்று இழுத்தார், நாலு காலையும் பரப்பித் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. தெருவே சிரித்தது.

"கயித்தைக் கொஞ்சம் தளர விடுங்க மாமா."

"விட்டா ஓடிடும்."

"ஓடட்டுமே. அதுக்குத்தானே வாங்கினீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டரிடம் முட்டியைக் காட்ட இன்னும் நாலே நாள்தான் பாக்கி.

வியாழக்கிழமை காலை அவர் வாண்டுவின் முன்னால் குந்தி உட்கார்ந்து கும்பிடாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அது வேறு பக்கம் பார்த்தது. அப்போது மாடிப்படியில் சத்தம். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, முகமெல்லாம் கடுகடுவென்று இறங்கி வந்துகொண்டிருந்தாள். "பாத்து, பாத்து, மெதுவா" என்று மாமா ஓடினார். அவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"போதும். மூணு வாரமா ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். அது காலை எடுத்து வெச்சாலே இழுக்கறீங்க. கொடுங்க இப்படி."

மீதிப் படிகளையும் இறங்கி வந்து வாங்கிக்கொண்டாள். அவள் கையிலிருந்து கயிறு தொளதொளவென்று தரையில் புரண்டது. வாண்டு சந்தேகமாகப் பார்த்தது. எழுந்தது, நாலடி வைத்தது. யாரும் இழுக்கவில்லை. ஐந்தாவது அடியும் வைத்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மாமாவும் கிளம்பினார்.

"நீங்க வர வேண்டாம்" என்றாள் திரும்பாமலே. "நீங்க வந்தா நின்னுடும்."

"அது நிக்கட்டும்மா, உன் முட்டி..."

"நானும்தான் நின்னுடுவேன். நாற்காலியை விட்டு எழுந்தாலே பாத்து பாத்துங்கறீங்க. கேட்டுக் கேட்டுத்தான் நான் உக்காந்தே போயிட்டேன்."

மாமாவுக்கு முகம் செத்துப்போனது. வாசலிலேயே நின்றார். தெருமுனையை அவர்கள் தொடக் கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஓர் இடத்தில் அக்கா தடுமாறினாள். மாமா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.