கனகராஜின் ஆளில்லாத இடங்கள்

ஜோகூர் மாநிலத்து மாசாயில் எங்கள் வரிசையின் கடைசி வீடு கனகராஜுடையது. வயது ஐம்பத்து நான்கு. பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வாரத்தில் ஆறு நாள் மேலேயிருந்து பார்க்கும் கப்பல்களை, ஏழாம் நாள் கரையில் மடக்கு நாற்காலி போட்டுக் கீழேயிருந்து பார்ப்பார். இதைப் பொழுதுபோக்கு என்பதா, வேலையை விடத் தெரியாத குணம் என்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படி அவருக்கு ஏழெட்டு இடங்கள் இருந்தன. எதற்கும் டிக்கெட் கிடையாது. செனாய் விமான நிலைய வேலிக்குப் பின்னால் ஒரு மண்மேடு. விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது சக்கரத்தின் தேய்மானம்கூடத் தெரியும் என்பார். நகரப் பூங்காவில் குரங்குகள் தொந்தரவு செய்யாத ஒரு பெஞ்சு. ஸ்தூலாங்கில் ஒரு தடுப்புச் சுவர். எதிர்க்கரையில் சிங்கப்பூர்க்காரன் லட்சக்கணக்கில் கொட்டி வீடு வாங்கிப் பார்க்கும் கடலை, இங்கிருந்து சும்மா பார்க்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் விளையாட்டுப் பூங்காவுக்கும் தள்ளுபடிக் கடைகளுக்கும் போவதை அவர் மதிப்பதில்லை. “அவன் ஜோகூர எங்க பாத்தான்? முன்னால நின்னவன் முதுகப் பாத்துட்டுப் போறான்.”

இந்த இடங்களை அவர் ரசனையால் கண்டுபிடிக்கவில்லை, காலண்டரால் கண்டுபிடித்தார். பத்துப் பதினோரு வருடம் ஜோகூரில் பள்ளிக்கூடங்களுக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். கனகராஜுக்கு ஞாயிறுதான் ஓய்வு. மனைவி செல்லம் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். மகள் ரூபினி அப்போது மாணவி. ஞாயிறு விடிந்ததும் இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட, வீட்டில் இவரும் மின்விசிறியும்தான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஊர் முழுக்க வேலைக்குப் போயிருக்கும்போது எந்த இடமும் அழகாகத்தான் இருக்கும். ஓர் இடத்தை நல்ல இடம் என்று சொல்லும்போது நாம் இடத்தைச் சொல்கிறோமா, அங்கே பிறர் இல்லாததைச் சொல்கிறோமா என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் சொல்லப்போகும் அந்த ஞாயிறு வேறு மாதிரி போயிருக்கும்.

ரூபினி இப்போது செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் செல்வா, ஈப்போ பையன். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். இரு வீட்டுக்கும் சம்மதம். ஒன்றே ஒன்றுதான் இழுத்துக்கொண்டிருந்தது. செல்வாவின் அம்மா தவமணி, பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். கல்யாணம் முடிந்ததும் பிள்ளைகள் ஈப்போவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றார். கனகராஜுக்கு ஒரே மகள். ஈப்போ என்றால் ஆறு மணி நேரம். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அந்த மாதம் முழுக்க அவர் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை என்று செல்லம் சொன்னார்.

“ஜோகூர்ல என்ன தம்பி இருக்கு?” என்றார் தவமணி, தொலைபேசியில் கனகராஜிடம். “சிங்கப்பூருக்கு ரெண்டு பாலம் இருக்கு. ஒண்ணுல போலாம், இன்னொண்ணுல வரலாம்.”

“அக்கா, ஒரு ஞாயித்துக்கிழம வாங்க. நான் காமிக்கிறேன். காசு செலவில்ல, கூட்டம் இல்ல. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.”

“சரி, பாத்துட்டு சொல்றேன்.”

இங்கேதான் தவறு. இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜனவரியில் ஜோகூர் தன் விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டது. கனகராஜுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது அரசாங்கத்தில் இருப்பவர்களின் சங்கதி, தன் ஞாயிறு எப்போதும் போல ஞாயிறுதான் என்று நினைத்தார். சரிபார்க்கவும் வாய்ப்பில்லை, கல்யாணச் செலவுக்காக அந்த ஜனவரியிலிருந்து எல்லா ஞாயிறும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் தவமணிக்காக லீவு போட்டதுதான் அந்த ஆண்டில் அவருக்கு முதல் ஞாயிறு.

வேன் என்னுடையது. நான் ஓட்ட, கனகராஜ் முன்னால் உட்கார்ந்தார். நடுவில் தவமணியும் செல்லமும். கடைசி வரிசையில் ரூபினியும் செல்வாவும். மடக்கு நாற்காலிகளும் ஒரு பெரிய பிளாஸ்க்கில் தே-ஓ என்ற பால் விடாத தேநீரும் கூட வந்தன.

முதலில் பாசிர் கூடாங் பக்கத்துக் கரை. கடைசி வளைவில் கனகராஜ் குரலைத் தாழ்த்தினார். “இப்ப பாருங்கக்கா. காத்துச் சத்தம் மட்டும்தான் இருக்கும்.”

வளைவு திரும்பியதும் காற்றின் சத்தம் கேட்கவில்லை. ஐம்பது அறுபது கார்கள். பட்டம் விடும் பிள்ளைகள், பாய் விரித்துப் பிரியாணி பிரிக்கும் குடும்பங்கள், ஒலிபெருக்கியோடு ஐஸ்கிரீம் வண்டி. கனகராஜ் வழக்கமாக நாற்காலி போடும் மரத்தடியில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள், கிளையில் பலூன்.

“அலமாக்,” என்று அதிர்ந்தார் கனகராஜ்.

“இவங்கள்லாம் யாரு தம்பி?” தவமணி கேட்டார்.

“தெரியலக்கா. எதோ விசேஷம் போல.”

“என்னா விசேஷம்?” என்றார் செல்லம். “ஞாயித்துக்கிழம. ஜனவரியிலேர்ந்து எல்லாருக்கும் லீவு. எனக்குந்தான் லீவு. எட்டு மாசமா நான் வீட்டுல இருக்குறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

கனகராஜ் கப்பலைக் காட்டினார். எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல், நங்கூரம் போட்டிருக்கும் விதத்திலிருந்து எது காத்திருக்கிறது, எது கிளம்பப் போகிறது என்று கண்டுபிடிக்கும் முறை. நன்றாகவே விளக்கினார். பாதியில் ஒரு பட்டம் அவர் தோளில் வந்து விழுந்தது.

செல்லம் கப்பலைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார். “இங்கதான் வருவீங்களா?”

“ம்.”

“எனக்கு ஒரு நாளும் சொல்லலியே.”

“நீ கேக்கலியே.”

“கேட்டேன். எங்க போயிட்டு வர்றீங்கன்னு வாராவாரம் கேட்டேன். ‘சும்மா’ன்னீங்க. இவ்ளோ பெரிய கடலு, இதான் சும்மாவா?”

கடைசி வரிசையிலிருந்து இறங்கி நின்ற ரூபினி சிரிப்பை அடக்க முடியாமல் கார்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தவமணியும் கார்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் வருகைப் பதிவேடு பார்த்த கண்.

“செல்வா, அந்த வெள்ள மைவி காரு, நம்ம ஊரு நம்பரு.”

ஈப்போ இருக்கும் பேராக் மாநில வண்டிகளின் எண் ‘ஏ’யில் தொடங்கும். ஜோகூருக்கு ‘ஜே’. தவமணி கரையோரமாக நடந்துபோய்த் திரும்பி வந்தார். “பதினொண்ணு,” என்றார். “பதினொரு ‘ஏ’.”

நகரப் பூங்காவில் வண்டி நிறுத்த இடமே இல்லை. வெளியிலிருந்தே பெஞ்சு இருக்கும் திசையைக் கனகராஜ் கைகாட்டினார். குரங்குகளுக்கே இடம் இல்லை என்றாள் ரூபினி. ஸ்தூலாங்கில் தடுப்புச் சுவர் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கனகராஜின் கழுத்தில் வியர்வை. “செனாய்க்குப் போங்க,” என்றார் என்னிடம். “அந்த மேட்டுக்கு யாரும் வரமாட்டான். வழியே கெடையாது.”

வழி இருந்தது. யாரோ கல் கொட்டி வைத்திருந்தார்கள். மேட்டுக்குக் கீழே இரண்டு வரிசைக்கு வண்டிகள். சாசேஜ் சுட்டு விற்கும் ஒரு தள்ளுவண்டி. வேலியோரம் பிள்ளைகள் வானத்தைப் பார்த்து நின்றார்கள். கனகராஜ் வேனிலிருந்து இறங்கவில்லை.

“தோத்துட்டேன் லா,” என்றார் என்னிடம் மெதுவாக. “அந்தக்கா ஈப்போவுக்குத்தான் கூட்டிட்டுப் போகப் போறாங்க. போகட்டும்.”

அவர் கணக்குப்படி அது சரிதான்.

தவமணி இறங்கிவிட்டார். வழியில் நின்ற கார்களின் எண்களைப் பார்த்துக்கொண்டே மேடேறினார். உச்சியில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். பேச்சுக் கேட்கும் தூரத்தில் செல்லமும் நானும்.

“எந்த ஊரும்மா?”

“பத்து காஜா, ஆன்ட்டி.”

“அட, நம்ம பக்கம்! எப்ப ஊருக்குத் திரும்புறீங்க?”

“எதுக்கு ஆன்ட்டி? கூட படிச்சவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அதோ, அந்த நீலக் காரு, அவ என் கிளாஸ்மேட். அங்க அம்மா மட்டுந்தான். வாம்மான்னா வரமாட்டேங்கிறாங்க. ஜோகூர்ல என்னா இருக்குன்னு கேக்குறாங்க.”

தவமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிள்ளைகள் கத்தினார்கள். விமானம் வந்தது. காற்றும் இரைச்சலும் எல்லோரையும் குனிய வைத்தன. அந்தக் கைக்குழந்தை மட்டும் நிமிர்ந்து பார்த்து உரக்கச் சிரித்தது. தவமணி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்தை அவர் பார்க்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

வேனில் ஏறி உட்கார்ந்து கதவு மூடியதும் சொன்னார். “ஈப்போ ஏன் அமைதியா இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எங்க புள்ளைங்களையெல்லாம் இங்க கொண்டாந்து ஒளிச்சு வெச்சிருக்கீங்க.”

“நான் ஒளிச்சு வெக்கலக்கா,” என்றார் கனகராஜ். “எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.”

“எங்க தெருவுல சாயந்தரம் ஆனா நான் ஒருத்தி, எதிர்வீட்டு நாயி ஒண்ணு. அங்க இதுகளக் கொண்டுபோய் யாரோட பழக விடப் போறேன்?” கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். “இங்கயே இருக்கட்டும். நான் ஈப்போவுக்கு வரச் சொன்னத மறந்துடுங்க.”

கனகராஜ் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தை விவரிக்கப் போவதில்லை. பிளாஸ்க்கைத் திறந்து, யாரும் கேட்காமலே எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார், ஓடும் வண்டியில், பாதி என் கியர் மேல்.

“ஏன், எங்கள யாரும் கேக்கலியே?” என்றாள் ரூபினி பின்னாலிருந்து.

“உங்கள எதுக்குக் கேக்கணும்?” என்றார் செல்லம்.

ரூபினி செல்வாவை முழங்கையால் இடித்தது கண்ணாடியில் தெரிந்தது. இன்னொரு முறை இடித்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத செல்வா தொண்டையைச் செருமினான்.

“ம்மா. அப்ப ஒண்ணு சொல்லிடறேன்.”

“என்னா?”

“இங்க, பிளெந்தோங்ல ஒரு வீட்டுக்கு புக்கிங் போட்டுட்டோம்.”

“எப்ப?”

“மார்ச்சுல.”

கனகராஜின் கையில் கோப்பை அப்படியே நின்றது. ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் போராடிய போர், தொடங்கும் முன்பே முடிந்திருக்கிறது.

நான் வேகத்தைக் குறைத்தேன். தவமணி இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். அவர் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைச் செல்லத்திடம் கொடுத்தார். பிறகு மகனைப் பார்க்காமல், மருமகளாகப் போகிறவளைப் பார்த்துக் கேட்டார்.

“எத்தன ரூம்?”

“மூணு அத்தை.”

“கீழ்த்தளத்துல ஒண்ணு இருக்கா? எனக்கு முட்டி வலி.”