கழுவி வைத்த கற்கள்

சித்தி ஆராய்ச்சிப் படிப்புக்காக டெல்லியில் எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்த காலத்தில், பால்கனியில் செருப்பு விடக்கூட இடமிருந்ததில்லை. அவ்வளவு கற்கள், ஒவ்வொன்றும் ஒரு துணிப்பையில். அவற்றை இடித்துப் பொடியாக்கி, உள்ளிருக்கும் நுண்ணிய மணிகளைப் பிரித்து, அவற்றின் வயதென்ன, கல்லாய் இறுகிய அந்த மணல் முதலில் எந்த மலையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான இயந்திரம் வெளியூரில் இருந்தது. தன் முறை வர ஒரு வருடம் காத்திருந்தாள்.

அவள் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது தீபாவளிக்காக வீட்டைக் கழுவினார்கள். எட்டு வயதான நான் என் பங்குக்குக் கற்களையெல்லாம் பைகளிலிருந்து எடுத்து, சோப்புப் போட்டு நாரால் தேய்த்து, பெரியது சிறியது பார்த்து வெயிலில் அடுக்கினேன். கற்கள்மேல் மார்க்கரில் எழுதியிருந்த எண்களும் அழுக்கோடு போயின.

எந்தக் கல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று சொல்ல இனி வழியில்லை. அம்மா கை ஓங்கினாள்.

"விடுக்கா," என்றாள் சித்தி. கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈரமாக்கியதுதான் குற்றம் என்று நினைத்தேன். கற்கள் காய்ந்ததும் என் கவலையும் காய்ந்துவிட்டது.

மறுநாள் காலை சுத்தியலோடு சாணக்யபுரியை அடுத்த ரிட்ஜ் காட்டுக்கு என்னையும் கூட்டிப்போனாள். புகைமூட்டத்தில் கீக்கர் முள்மரங்கள் மிதப்பதுபோல் நின்றன. ஒரு பாறை முழுக்க வரிவரியாக நெளிந்திருந்தது.

"தடவிப் பாரு. கடல் அலை மணல்ல போட்ட வரி. அப்புறம் பூமிக்குள்ள புதைஞ்சு, வெந்து, இப்படி இறுகிப்போச்சு."

"டெல்லியில கடலா? சச்சி? நிஜமாவா?"

"சச்சி. டைனோசருக்கெல்லாம் ரொம்ப முன்னால."

கடலே பார்த்திராத நான் பாறைமேல் படுத்துக் காதை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. தூரத்துச் சாலையின் இரைச்சல் வந்துவந்து போனது. அதுதான் கடல் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது சித்தியின் போன் அடித்தது. பேராசிரியர். சித்தி இந்தியில் மெதுவாகப் பேசினாள்: "இல்ல சார், யாரும் கைவைக்கல. நான்தான் நம்பர் சரியா எழுதி வைக்கல. ஆமா சார், என் முறைய வேற யாருக்காவது குடுத்துடுங்க."

இவ்வளவு படித்தவளுக்கு நம்பர் எழுதத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. எழுந்துபோய் அவள் தோளில் கைபோட்டேன்.

"அடுத்த வாட்டி நான் எழுதித் தரேன் சித்தி. என் ஹேண்ட்ரைட்டிங் நல்லாருக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் தலையைத் தடவினாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.