வலி இரண்டு என்றவர்

நான் மயக்க மருத்துவர். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், இதய அறுவை நடக்கும் தியேட்டரில், நோயாளியின் தலைமாட்டில் நிற்பதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி நேரானது. நெஞ்செலும்பை அறுக்கும்போது உடம்புக்கு அதிர்ச்சி தெரியக் கூடாது. அதற்கு அபின் குடும்பத்தைச் சேர்ந்த வலி மருந்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தோம். இதயம் அலட்டிக்கொள்ளாமல் இருக்கும். நோயாளி மறுநாள் மதியம் வரை வென்டிலேட்டரில் தூங்குவார். அந்த அமைதி எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த மருந்து மூச்சை மந்தமாக்கும், குமட்டும், குடலை அசையவிடாது, சிலருக்குப் புத்தியைக் குழப்பும் என்பதெல்லாம் தெரியாமல் இல்லை. கூடவே வருவதுதான் என்று பழகிப்போயிருந்தேன். வால்வு மாற்றிக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியை, வீட்டுக்குக் கிளம்பும் அன்று, தனக்கு இரண்டு நாள் எங்கே போனதென்றே தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். எனக்குத்தான் அது மனதில் தங்கிவிட்டது.

அதன் பிறகு எங்கள் பிரிவில் என்னைவிடப் பத்து வயது இளைய டாக்டர் ஒருவர் சேர்ந்தார். அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் வேறு மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். நோயாளி தூங்கியதும், ஸ்கேன் கருவியில் பார்த்தபடி, நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசியைப் போடுவது. அதோடு பாராசிட்டமால் டிரிப், வலியை வேறு வழிகளில் மட்டுப்படுத்தும் இரண்டு மூன்று மருந்துகள், எல்லாம் சின்ன அளவில். அபின் வகை மருந்து தேவைக்குக் கொஞ்சம். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். இந்த வயதில் ஊசி முனையைத் திரையில் தேடிக்கொண்டு நிற்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் சர்ஜனுக்கோ இதில் அரை மனது. நோயாளி நிம்மதியாகத் தூங்கட்டுமே, அதற்குள் எழுப்பி என்ன செய்யப்போகிறீர்கள் என்பார். ஆனாலும் தடுக்கவில்லை. முதலில் செய்த சிலர் நல்லபடியாக எழுந்தார்கள். சாயங்காலமே வென்டிலேட்டர் குழாயை எடுத்தோம். மறுநாள் காலை கட்டிலில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். எனக்குப் பெருமை தலைக்கேறியது.

அப்போதுதான் அவர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது. அவனியாபுரத்தில் சொந்தமாக லேத் பட்டறை. கனத்த உடம்பு, கழுத்தும் கனம், பயங்கரமான குறட்டை. இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும். அறுவைக்கு முந்தின நாள் மாலை அவரைப் பார்க்கப் போனேன். பக்கத்தில் மனைவி இருந்தார். கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் கிளார்க். முன்பு சிறுநீரகக் கல் எடுத்தபோது போட்ட வலி ஊசியில் இவருக்கு மூச்சே நின்று நின்று வந்ததாம். நர்ஸ் தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருந்ததாம். மனைவி இதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் புதிய முறையை விளக்கினேன். அவருக்குச் சட்டென்று புரிந்தது.

"ஒரே இடத்துல முட்டுக் குடுக்காம நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா முட்டுக் குடுக்குறீக. அம்புட்டுத்தானம்மா?" என்றார்.

இவ்வளவு தெளிவாக நான்கூடச் சொன்னதில்லை. அந்த உற்சாகத்தில் தேவையில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். "உங்களை மாதிரி ஆளுக்குத்தான் இது ரொம்ப நல்லது. நீங்க நல்லா எழுந்து வந்துட்டீங்கன்னா எங்க சர்ஜனும் முழுசா ஒத்துக்குவாரு."

அவர் தலையாட்டினார். நான் அடுத்த வார்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அறுவை சுத்தமாக நடந்தது. ரம்பம் எலும்பில் இறங்கும் நேரத்தில் என் கண் மானிட்டரை விட்டு நகராது. நாடித்துடிப்பு நான்கைந்து எண் ஏறி, அப்படியே நின்றது. சர்ஜன் நடுவில் கட்டியிருந்த துணித் திரைக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மாலையில் பட்டறைக்காரர் ஐ.சி.யூ.வில் கண் விழித்தார். வென்டிலேட்டர் குழாயை எடுத்ததும் முதலில் தண்ணீர் கேட்டார். மறுநாள் காலை ரவுண்ட்ஸில், பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்டோம். இரண்டு என்றார். நல்லாயிருக்கே என்றார் சர்ஜன். அன்று கேன்டீனில் இளைய டாக்டருக்கு நான் பொங்கலும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கு மறுநாள் பட்டறைக்காரருக்கு லேசாகக் காய்ச்சல். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருந்தது. மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண், இவர் சரியாக இருமுவதே இல்லை, இரும முயற்சி செய்வதுபோலக் காட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார் என்றாள். சளி வெளியே வரவில்லை என்றால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். நான் போய் வலி இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டுதான் என்றார். சார்ட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு வேளையும் நர்ஸ்கள் அதையேதான் எழுதியிருந்தார்கள். இரண்டு, இரண்டு, இரண்டு. வலி இல்லாத மனிதர் ஏன் இருமவில்லை என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அந்த எண் பொய்யாக இருக்கும் என்று தோன்றவில்லை. தோன்றவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை என்பதுதான் உண்மை.

பதினொரு மணிக்குப் பார்வையாளர் நேரம். மனைவி உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"டாக்டர், அவுக பொய் சொல்றாக. வலி இம்புட்டு அம்புட்டு இல்ல."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உள்ள போனதும் என்னைய 'வாங்க, உக்காருங்க'ன்னாக. இருபத்தெட்டு வருசத்துல என்னைய அப்படிக் கூப்புட்டது ஒரே தடவதான். பட்டறையில இரும்புச் சுருள் உள்ளங்கையில ஏறி, அதப் பிடுங்குற வரைக்கும். தாங்க முடியலன்னா அவுகளுக்கு மரியாதை கூடிரும்."

நான் உள்ளே போய், கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஐ.சி.யூ.வில் நாங்கள் நின்றுகொண்டே பேசிப் பழகியவர்கள். உட்கார்ந்ததும், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். நான் எண் எதுவும் கேட்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவர் ஒரு விரலால் மேல் வயிற்றைக் காட்டினார். இரத்தக் கசிவு வடிவதற்காகச் சர்ஜன் குழாய் வைத்திருந்த இடம். எங்கள் ஊசி நெஞ்செலும்பைத்தான் மரக்க வைத்திருந்தது. அது அங்கே எட்டவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியிருக்கிறது. இருமினால் உயிர் போயிருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்கதானம்மா சொன்னீங்க, நான் நல்லா வந்தாத்தான் சர்ஜன் ஒத்துக்குவாருன்னு. என்னால உங்க வேலை கெட்டுறக் கூடாதுல்ல."

இரண்டு நாளாக அந்த மனிதர் எனக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவர் வலியைக் குறைப்பதுதான் என் வேலை. என் ஆசையை அவர் தலையில் ஏற்றிவைத்துவிட்டு நான் வடை தின்றிருக்கிறேன்.

"மருந்தக் குறைக்கிறதுக்குத்தான் இந்த முறை. உங்களத் தாங்க வைக்கிறதுக்கு இல்ல," என்றேன். "வேணுங்கிறப்போ போடுறதுக்குத்தான் கொஞ்சம் வச்சிருக்கோம்."

மிகச் சிறிய அளவில் ஃபென்டனில் என்ற அபின் வகை மருந்தைப் போட்டேன். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அவருடைய குறட்டையும் முன்பு மூச்சு நின்ற கதையும் தெரிந்திருந்ததால் எழுந்து போக மனம் வரவில்லை. இளைய டாக்டர் ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து, குழாய் வரும் இடத்தைச் சுற்றி மரக்கும் ஊசி போட்டார். சற்று நேரத்தில் நோயாளியின் நெற்றிச் சுருக்கம் விட்டது. பிசியோ பெண் தலையணையைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னாள். இருமினார். முதல் இருமல் தயங்கி வந்தது, இரண்டாவது அடிவயிற்றிலிருந்து வந்தது. கெட்டியான சளி வெளியேறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை வீட்டில் சொன்னபோது யாருக்கும் விளங்கவில்லை.

அன்று மாலையே சர்ஜன் அந்தக் குழாயை எடுத்துவிட்டார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆக்சிஜன் முகமூடியும் தேவைப்படவில்லை. நடந்ததை அந்த வாரம் எங்கள் பிரிவுக் கூட்டத்தில் நான் ஒளிக்காமல் சொன்னேன், நோயாளியிடம் நான் சொன்ன அந்த வாக்கியம் உட்பட. சர்ஜன் இதோடு நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். குழாய் இருக்கிற இடத்தையும் சேர்த்து முதலிலேயே மரக்க வைக்க முடியாதா? முடியும் என்றார் இளைய டாக்டர். அப்படியென்றால் அடுத்தவருக்கு அப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்படித்தான் செய்துவருகிறோம். வலி எண்ணை இப்போதும் எழுதுகிறோம். ஆனால் கூடவே, ஒருமுறை இருமிக் காட்டச் சொல்கிறோம், முழு மூச்சு இழுக்கச் சொல்கிறோம், வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கிறோம். முந்தின நாள் பார்க்கப் போகும்போது என் ஆசைகளை நான் சொல்வதில்லை.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. பட்டறைக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். போகலாம், கனமான இரும்பை மட்டும் இப்போதைக்குத் தூக்க வேண்டாம் என்றேன். தினமும் நடக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிப் பக்கம் போனதாகவும், சமணர் மலையில் ஏற ஆசையாக இருந்தும் மனைவி விடவில்லை என்றும் புகார் சொன்னார். மெதுவாக ஏறலாம், மூச்சு வாங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள் என்றேன்.

"உக்கார என்ன, படுக்கவே அந்தக் காலத்துச் சமணச் சாமியாருகளுக்கு அங்க பாறையில வெட்டி வச்சிருக்காகம்மா," என்றார். மனைவி மாத்திரைச் சீட்டை வாங்கிக் கைப்பையில் மடித்து வைத்தார். அடுத்த நோயாளியை வரச் சொன்னேன்.