பெயிண்டர் அக்காவின் குதிகால்

தெருவில் எல்லோருக்கும் அவள் பெயிண்டர் அக்கா. உட்கூரைக்குப் பெயிண்ட் அடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஏணியில் நுனிக்காலில் நின்று, மூலைவரை பிரஷ்ஷை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள்.

ஒருநாள் காலை, தம்பியின் பைக்கில் வேலைக்குப் போகும்போது வலது கால் பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநார் அறுந்துபோயிற்று. பக்கத்து மருத்துவமனையில் தைத்தார்கள், தாங்கவில்லை. சீழ் வைத்து, தோல் கறுத்து உதிர்ந்து, உள்ளே எலும்பு தெரிந்தது. கட்டுப் பிரிக்கும் நேரம் பார்த்துத் தம்பி டீ வாங்கப் போய்விடுவான்.

பெரிய மருத்துவமனையின் டாக்டரம்மா, அழுகியதையெல்லாம் வெட்டி எடுத்தபின் அவளுக்கு விளக்கினார்.

“நாரும் போச்சு, மூடுற தோலும் போச்சு. தொடையிலேருந்து ஒரே துண்டா எடுக்கப் போறோம். தோலுக்கு அடியில கெட்டியா ஒரு சவ்வு இருக்கும். அதைச் சுருட்டி நாரா வெச்சுத் தைச்சு, தோலால மூடிடுவோம்.”

“சுவத்து ஓட்டையில பட்டி வெச்சு அடைச்சுப் பெயிண்ட் அடிக்கிற மாதிரியா டாக்டர்?”

“அதைவிடப் பெரிய வேலைம்மா. பக்கத்து வீட்டுச் சுவரையே பேத்துக் கொண்டுவந்து வெக்கிறோம். ரத்தக் குழாயையும் இணைக்கணும். ரத்தம் ஓடலைன்னா திரும்பத் திறக்க வேண்டிவரும்.”

ஆபரேஷன் முடிந்தது; டாக்டரம்மா பயந்தபடியே ஆயிற்று. மறுநாள் நர்ஸ் ஒட்டுத்தோலின்மேல் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவியை வைத்துப் பார்த்தாள். சர் சர்ரென்று வந்துகொண்டிருந்த ரத்தச் சத்தம் தேய்ந்துவிட்டிருந்தது. தோலும் நீலம் பாய்ந்திருந்தது. அவசரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயில் உறைந்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். கண் விழித்தபோது தம்பி கட்டிலோரம் நின்றிருந்தான்.

“எல்லாம் என்னாலதான்க்கா.”

“காலைச் சரியா வெக்காதது நான். நீ இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டா உனக்கு நான் ஆறுதல் சொல்லணும்போல இருக்கு. அந்தத் தலகாணியை எடு.”

அதற்குப்பின் கட்டுப் பிரிக்கும்போது அவன் வெளியே போகவில்லை. மாவுக்கட்டு, ஊன்றுகோல், உடற்பயிற்சி என்று வருஷம் ஒன்று ஓடிப்போயிற்று. நொண்டாமல் நடந்தாள். இரண்டு காலிலும் சேர்ந்து நுனியில் நிற்க முடிந்தது; வலது காலை மட்டும் ஊன்றினால் குதிகால் கொஞ்சம் எழும்பி நடுங்கும். ஏணி வேலையைக் கூட்டாளிப் பெண்ணிடம் விட்டுவிட்டுக் கதவு, ஜன்னல்களை அவள் எடுத்துக்கொண்டாள். கீழே இருந்தபடி “மூலை விட்டுப்போச்சு பாரு” என்று குரல் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

குதிகால் பருத்தே இருந்தது. உடம்பு பருத்தால் அதுவும் பருக்கும், தொடையின் கொழுப்பல்லவா. கொழுப்பை எடுத்து மெல்லிசாக்கித் தருவதாக டாக்டரம்மா சொன்னார்.

“இருக்கட்டும் டாக்டர். இன்னொரு தரம் படுக்க என்னால ஆகாது” என்றவள், குதிகால் நுழையாத ஷூவின் பின்பக்கத்தை வெட்டிவிட்டு மறுநாளே ஒரு பள்ளிக்கூட வாசல்கேட்டுக்கு வண்ணம் அடிக்கப் போனாள்.