பட்டறைக்கு வந்த அரிவாள்கள்

கூத்தையா ஆசாரி சொன்ன நாளில் ஒரு சாமானைச் செய்து கொடுத்ததாகத் தாழைக்குளத்தில் யாருக்கும் நினைவில்லை. திருப்புல்லாணிக்குத் தெற்கே, கடல் காற்று எட்டும் தூரத்தில் இருநூறு வீட்டு ஊர். ஊருக்கு ஒரே கொல்லுப் பட்டறை. ஆடியில் கேட்ட கலப்பைக் கொழு தையில் வரும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கேட்டவர், மாட்டையும் வண்டியையும் விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கும் நாளில் பட்டை தயாராகும். ஆனால் வந்த சாமான் இருபது வருஷம் உழைக்கும். அதனால் ஊர் அவரைத் திட்டிக்கொண்டே அவரிடமே போனது.

"இரும்பு என்ன இட்டிலியா, வச்சு எடுக்க?" என்பார் அவர். மனைவி நாகலெட்சுமிதான் துருத்தி ஊதுவாள். வாசலில் நிற்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலை. இரண்டில் துருத்தி இலேசு என்பது அவளுடைய முப்பது வருஷ அனுபவம்.

மதுவிலக்குச் சட்டம் வந்த பிறகுதான் தாழைக்குளத்து இளவட்டங்கள் குடிக்கப் பழகினார்கள். சட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. முன்பு கள்ளுக்கடை ஊர் நடுவில் இருந்தது. அங்கே மாமனும் சித்தப்பனும் உட்கார்ந்திருப்பார்கள். அரும்பு மீசைக்காரன் எட்டிப் பார்க்கவே கூசுவான். கடையை மூடியதும் சாராயம், உடைமுள் மண்டிய உடங்காட்டுக்குள் போய்விட்டது. காட்டுக்குள் மாமன் இல்லை, ஆகவே கூச்சமும் இல்லை.

அதன் பலன் ஐம்பத்துமூன்றாம் வருஷப் பங்குனித் திருவிழாவில் தெரிந்தது. வடம் கட்டிய காளையை இளவட்டங்கள் பிடித்து விளையாடும் எருதுகட்டு நடந்துகொண்டிருக்கும்போது கீழத்தெரு வேல்சாமிக்கும் மேலத்தெரு சின்னக்கருப்பனுக்கும் வாய்ச்சண்டை. இருவரும் சேர்ந்து குடித்துவிட்டுத் தோளில் கைபோட்டபடி வந்தவர்கள். எதற்குச் சண்டை என்று அன்றைக்கும் தெரியவில்லை, கோர்ட்டில் கேட்டபோதும் தெரியவில்லை. சின்னக்கருப்பன் அரிவாளை வீசினான். வேல்சாமியின் வலக்கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போயின.

சின்னக்கருப்பன் ஜெயிலுக்குப் போனான். வேல்சாமியின் தம்பி முத்துராமலிங்கம், வயது இருபத்தொன்று, அம்மன் கோவில் வாசலில் மண்ணெடுத்துச் சத்தியம் செய்தான்: அடுத்த எருதுகட்டன்று அதே இடத்தில் கணக்குத் தீரும். சின்னக்கருப்பனும் அடுத்த மாசியில், திருவிழாவுக்குச் சரியாகப் பதினைந்து நாள் முன்பு, விடுதலையாகி ஊர் வந்து சேர்ந்தான்.

திருவிழாவுக்குப் பெண்கள் முளைப்பாரி வளர்ப்பார்கள். இரண்டு தெருப் பெண்களும் ஒரே வீட்டில் கூடி விதை பரப்பி, பத்து நாளும் கும்மி கொட்டுவார்கள். ஆண்கள் முகம் கொடுத்துப் பேசாத அந்த வருஷத்திலும் முளைப்பாரி வீடு ஒன்றாகத்தான் இருந்தது. அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது, விதை பரப்பிய மறுநாள் காலையில் வேல்சாமியின் தாய் மீனம்மாள் இடுப்பில் கடகப்பெட்டியோடு பட்டறைக்கு வந்தபோது கூத்தையாவுக்குத் தெரிந்தது. பெட்டியில் எட்டு வெட்டரிவாள்கள். பின்னாலேயே மேலத்தெருவிலிருந்து சின்னக்கருப்பனின் அக்கா ராமலெட்சுமி. அவள் பெட்டியில் பதினொன்று.

"திருவிழாவுக்குச் சாணை பிடிக்கணும்ணே" என்றாள் மீனம்மாள். குரலைத் தாழ்த்தி, "எருதுகட்டு முடியிற வரைக்கும் ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது" என்றாள்.

"சாணை பிடிச்சுக் குடுக்கணுமா, குடுக்கக்கூடாதா?"

"குடுக்கக்கூடாது."

"அதுக்கு எதுக்குத் தாயி என்கிட்ட வந்தீக? பூட்டி வைக்க ஒங்க வீட்டுல பெட்டி இல்லையா?"

"பெட்டியில வச்சா ஒடைச்சு எடுப்பான். ஒங்ககிட்ட இருக்குன்னா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்" என்றாள் ராமலெட்சுமி. "நீங்கதான் குடுக்கவே மாட்டீகளே!"

துருத்திப் பக்கத்திலிருந்து நாகலெட்சுமி சிரித்த சிரிப்பில் உலைச்சாம்பல் பறந்தது. கூத்தையாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "நா வேலை செய்ய மாட்டேன்னு நம்பி வந்திருக்காகளாம்!" என்று அன்று முழுக்கப் புலம்பினார். ஆனால் சாயங்காலத்துக்குள் நாற்பத்துமூன்று அரிவாள் வந்து சேர்ந்தபோது, இவ்வளவு பேர் ஒரே நாளில் தன்னை நம்பியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று அவருக்கே தோன்றியது. எல்லாவற்றையும் கோணிச்சாக்கில் சுற்றி உள்ளே வைத்தார்.

பெண்கள் அதோடு நிற்கவில்லை. விறகு பொறுக்கும் சாக்கில் உடங்காட்டுக்குள் போனார்கள். பதநீர்ப் பானையில் சுண்ணாம்பு தடவினால் அது கள்ளாகாது என்பது அந்தப் பனங்காட்டுச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். அதே வைத்தியத்தைப் புதைத்து வைத்திருந்த சாராய ஊறல் பானைகளுக்கும் செய்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கொடுத்தவர் கீழக்கரைச் சூளைக்காரர் அப்துல் குத்தூஸ். "எந்த வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போறீக?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், இன்னொரு மூட்டை எடுத்துட்டுப் போங்க" என்றார். காய்ச்சுகிறவர்களுக்குப் பெரிய நஷ்டம். போலீசில் எழுதிக் கொடுக்க வழியில்லாத நஷ்டம்.

இளவட்டங்கள் அரிவாள் கேட்டுப் பட்டறைக்கு வந்தார்கள். கூத்தையாவிடம் சாக்குக்கா பஞ்சம்? ஒரு நாள் கரி ஈரம். ஒரு நாள் துருத்தித் தோல் கிழிசல். ஒரு நாள் செவ்வாய்க்கிழமை. வந்தவர்கள் வைதுவிட்டுப் போனார்கள். முத்துராமலிங்கம் மட்டும் தினமும் வந்தான், வையவில்லை. அதுதான் கூத்தையாவைப் பயமுறுத்தியது.

எருதுகட்டன்று காலையில் அவன் வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, துருத்திக்கு முன்னால் உட்கார்ந்தான். சாராயவாடை இல்லை, கண் தெளிவாக இருந்தது.

"ஆசாரியாரே, துருத்திய நா ஊதுறேன். சம்மட்டியும் அடிக்கிறேன். என் அரிவாள முடிச்சுக் குடுங்க."

"இன்னைக்குத் திருவிழாவாச்சே தம்பி…"

"அதுக்குத்தான் கேக்குறேன்."

துருத்தியைத் தானே ஊதும் ஆளுக்குச் சொல்ல முப்பது வருஷத்துச் சாக்குகளில் ஒன்றும் மிச்சமில்லை. இல்லையென்று சொன்னால் கோணியைப் பிரித்துத் தானே எடுத்துக்கொள்வான். கூத்தையா அவன் அரிவாளைக் கொண்டுவந்து உலைக்குள் செருகினார். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. சிவந்த இரும்பை யாரும் கையில் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. அவ்வளவுதான் அவருடைய யோசனை.

சம்மட்டியைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்தபோதுதான் அவருக்கு அவன் அண்ணன் கை நினைவு வந்தது.

"வேல்சாமி எந்தக் கையால சாப்புடுறான்?"

"எடக்கையாலதான். ஆத்தா பக்கத்துல ஒக்காந்து அழுகும்."

"அறுப்புக்குப் போறானா?"

"எதை வச்சு? அரிவாளப் பிடிக்க வெரல் வேணாமா?"

கூத்தையா இரும்பை உலையிலிருந்து எடுத்துப் பட்டடைக்கல்லில் வைத்தார். தடித்த வெட்டரிவாளை நீட்டி, மெலித்து, வளைத்துக்கொண்டே போனார். நாலாவது சூட்டில் முத்துராமலிங்கத்துக்கு விளங்கிவிட்டது.

"இது கதிரரிவா. என் அரிவாள என்ன செஞ்சீக?"

"ஒங்கண்ணனுக்கு எடக்கை அரிவா. மூணு வெரலால தாளைக் கோதிப் பிடிச்சுக்கிருவான், எடக்கையால அறுப்பான். நா இதுவரைக்கும் செஞ்சதில்ல. எங்கய்யாவும் செஞ்சதில்ல. சூடு ஆறுது, அடிக்கிறயா, நிக்கிறயா?"

கொட்டுச் சத்தம் நெருங்கியது. காளையை வடத்தில் கட்டி இழுத்துக்கொண்டு கூட்டம் பட்டறையைக் கடந்தது. வடம் பிடித்த முதல் ஆள் சின்னக்கருப்பன். வெற்று உடம்பு, வெறுங்கை. பத்தடி தூரம். முத்துராமலிங்கத்தின் கையில் சம்மட்டி இருந்தது. நாகலெட்சுமி வாசலை மறித்து நின்றாள். அவள் உடம்புக்கு அந்த வாசலில் பாதிதான் அடைத்தது. கூத்தையா இரும்பையே பார்த்தார். சிவப்பு கருஞ்சிவப்பாகி, கறுத்தது.

கூட்டம் போய்விட்டது.

"சூடு வைங்க" என்றான் முத்துராமலிங்கம். அவனே இடுக்கிக் குறடால் எடுத்து உலைக்குள் வைத்து ஊதினான். பட்டறைப் புகையில் கண் கலங்கினால் யாரும் ஏனென்று கேட்பதில்லை.

இன்னும் பாதி நாள் மிச்சமிருந்தது, சத்தியமும் மிச்சமிருந்தது. அதைக் கரைத்தது கூத்தையாவின் சாமர்த்தியம் அல்ல, தப்பு. கதிரரிவாளுக்குப் பல் வெட்ட வேண்டும். முப்பது வருஷமாக வலக்கைக்கு வெட்டிய கை, தன் பாட்டுக்கு வலக்கைக்கே வெட்டி முடித்துவிட்டது. முத்துராமலிங்கம்தான் இடக்கையில் பிடித்துப் பார்த்து, "ஆசாரியாரே, பல்லு எதுக்க நிக்குது" என்றான். கூத்தையாவுக்கு அழுகை வராத குறை. பல்லைத் தேய்த்து அழித்து, மறுபடி காய்ச்சி, திருப்பி வெட்ட வேண்டியதாயிற்று. பத்து நாளாகச் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்து செய்யாத தாமதத்தை அந்த ஒரு நிஜத் தப்பு செய்தது. முத்துராமலிங்கம் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூடவே நின்றான். அரிவாளைத் தொட்டியில் தோய்த்துச் சுர்ரென்று ஆவி வந்தபோது, குளத்தில் முளைப்பாரி கரைக்கும் குலவைச் சத்தம் கேட்டது. திருவிழா முடிந்துவிட்டது. ஊரில் ஒருவருக்கும் கீறல் இல்லை.

மறுநாளே நாற்பத்திரண்டு அரிவாளும் சாணை பிடிக்கப்படாமல் வீடு திரும்பின. ஒருவரும் குறை சொல்லவில்லை. அடுத்த வருஷம் கேட்காமலே பெட்டி பெட்டியாக வந்தன, இளவட்டங்களில் சிலர் தாங்களே கொண்டுவந்தார்கள். காடு முழுக்கத் திருந்தியது என்று சொல்ல முடியாது. சுண்ணாம்புக்குத் தப்பிய பானைகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் எருதுகட்டில் அதற்குப் பிறகு இரத்தம் சிந்தவில்லை. அந்த மட்டுக்கு அம்மனுக்கு நன்றி சொல்கிறவர்கள் உண்டு, முளைப்பாரி வீட்டுக்குச் சொல்கிறவர்கள் உண்டு.

அந்தத் திருவிழாவுக்குப் பின் வந்த முதல் தை அறுப்பிலேயே வேல்சாமி இறங்கினான். இடக்கையால் அறுக்கிறவன் நடுவில் நின்றால் பக்கத்து ஆளின் முழங்கையில் இடிக்கும். முதல் நாள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மறுநாள், யாரும் சொல்லாமலே, வரிசையின் இடது ஓரத்தை அவனுக்கு விட்டுவிட்டார்கள். கட்டுத் தூக்கும் ஆட்களில் சின்னக்கருப்பனும் இருந்தான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வேல்சாமி அறுத்துப் போட்டதை அவன் தூக்கினான், அவ்வளவுதான்.

களத்தில் ஆசாரிக்கு ஒரு கட்டுக் கதிர் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு அதை வேல்சாமியே கட்டி எடுத்து வந்தான். கூத்தையா தலையில் வாங்கியதும் கழுத்து ஒடிகிறாற்போல் இருந்தது.

"ஏப்பா, இது ஒரு கட்டா? ரெண்டு கட்டுக்குச் சமம்."

"எறக்கி எறக்கி வச்சுப் போங்கண்ணே" என்றாள் மீனம்மாள். "எம் பிள்ளை அறுத்தது, கனக்கத்தான் செய்யும்."

கூத்தையா எங்கேயும் இறக்காமல் வீடுவரைக்கும் சுமந்துகொண்டு போனார்.