சரிதாவின் ‘வேண்டாமுங்க’

சரிதாவின் வாயிலிருந்து முதலில் வருகிற சொல் எப்போதும் ‘வேண்டாமுங்க’தான். சிறு பிள்ளையிலிருந்தே அப்படி. ஆட்டையாம்பட்டியில் பக்கத்து வீட்டுப் பாவாயி முறுக்குத் தட்டை நீட்டுவாள். “வேண்டாமுங்க பெரியம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்.” மறுபடி நீட்டினால் தலையை மட்டும் ஆட்டுவாள். “அட எடுத்துக்க சாமி, என்ன புது மாப்பளையாட்ட!” என்று மூன்றாம் தடவை அதட்டினால் பாதித் தட்டு காலியாகிவிடும். அங்கே எல்லா வீட்டிலும் இதுதான் நடப்பு. கேட்டவுடன் கை நீட்டுகிறவளைச் சோறு காணாதவள் என்று சொல்லிவிடுவார்கள்.

நர்சிங் முடித்தவளை வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகச் சொல்லிப் போதகர் கேட்டபோதும் இரண்டு தடவை மறுத்தாள். நல்லவேளை, மனிதர் மூன்றாம் தடவையும் கேட்டார்.

போன இடம் பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு. மூன்று மாதம் பார்ப்பார்கள். ஊராருக்குப் பிடித்தால் இரண்டு வருஷம் இருக்கலாம், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரிதாவுக்கோ இறங்கிய அன்றே தீவு பிடித்துப்போயிற்று. எந்தப் பக்கம் ஓடினாலும் கடல். தேவாலயத்தில் ஊரார் பாடினால் கூரைத் தகரம் அதிர்ந்தது. பிரசங்கத்துக்கு நடுவே ஒரு கோழி புகுந்து பீடத்தில் ஏறிக்கொள்ள, யாரும் அதை விரட்டவில்லை. அவளுக்குக் காரணமில்லாமல் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

பசி ஒன்றுதான் தொல்லை.

ஊழியக்காரிக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பாடு போடுவது அங்கே வழக்கம். முதல் நாள், ஊர்ப் பெண்களுக்குத் தலைவியான லோசா தட்டோடு வந்தாள். தேங்காய்ப்பாலில் மீன். பக்கத்தில் ஆவி பறக்கும் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி! அப்பா மணியன் காட்டில் பயிர்போட்டு, லோடு லோடாக ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு அனுப்புகிற அதே கிழங்கு. சரிதாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

“வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்” என்றாள் ஆங்கிலத்தில்.

“சரி” என்று லோசா தட்டோடு திரும்பிப் போய்விட்டாள்.

சரிதா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் அழைப்பு வரவில்லை. அடுத்த வீட்டிலும் இதே கதை, அதற்கடுத்த வீட்டிலும் இதே கதை. ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கும் கடை பிஸ்கெட்டும்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தன.

ஒருநாள் தீவின் போதகர் முகம் தொங்கிப்போய் வந்தார். “எங்கள் சாப்பாட்டை நீ அருவருக்கிறாய் என்று பெண்கள் வருத்தப்படுகிறார்கள். நாளைக் கப்பலிலேயே உன்னை அனுப்பிவிடச் சொல்கிறார்கள்.”

சரிதா வீட்டுக்குப் போன் போட்டு ஓவென்று அழுதாள்.

“ஏஞ்சாமி, ரெண்டாந்தடவ கேக்கலியா?” என்றாள் அம்மா அத்தாயி.

“ஒருக்காத்தான் கேக்கறாங்கம்மா! வேண்டாம்னா குச்சிக்கெழங்கக்கூட நெசமாவே எடுத்துட்டுப் போயிர்றாங்க!”

போனில் தங்கை தீபிகா சிரித்த சிரிப்பு தீவுக்கே கேட்டிருக்கும். அவளிடமிருந்து அப்பா போனைப் பிடுங்கினார். “அடக் கூறுகெட்டவளே! நம்மூட்டுக் கெழங்கையா வேண்டாங்கறே? மொதல்ல ஓடிப்போயித் தின்னு!”

ஓடினாள். லோசா வீட்டுமுன் பெண்கள் கிழங்குச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சரிதாவே நடுவில் போய் உட்கார்ந்தாள். காது சிவந்துவிட்டது.

“எனக்குப் பசிக்கிறது” என்றாள்.

ஒரு கிழங்கை எடுத்து இரண்டாகப் பிளந்து நடு நரம்பை ஒரே இழுப்பில் உருவினாள். தின்றாள். இன்னொன்று. இன்னும் ஒன்று. மீனையும் விடவில்லை. பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

“இந்த வயிற்றை இத்தனை நாள் எங்கேயடி ஒளித்து வைத்திருந்தாய்?” என்றாள் லோசா.

வாய் நிறையக் கிழங்கோடு சரிதா மூன்று தடவை கேட்கிற தன் ஊர் வழக்கத்தை விளக்கினாள். லோசா சிரித்துச் சிரித்து மணலில் சாய்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தட்டு வைக்கும்போதெல்லாம் “சாப்பிடு, சாப்பிடு, சாப்பிடு!” என்று மூன்று தடவையையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். மறுநாள் வந்த கப்பல் அவளை விட்டுவிட்டுத்தான் போனது. கரையில் நின்று அதற்குக் கை வேறு காட்டினாள்.

இரண்டு வருஷம் முடிந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, பாவாயி முறுக்குத் தட்டை நீட்டி முடிப்பதற்குள் சரிதா இரண்டை எடுத்துவிட்டாள். பாவாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அத்தாயி, உம்புள்ளைக்கு அந்த ஊருல சோறே போடறதில்லியா?”

தீவுக்காரர்கள் திரும்பவும் கேட்டுக்கொண்டதால் சரிதா இப்போதும் தீவில்தான் இருக்கிறாள். காலையில் குழந்தைகளுக்கு மருந்து, மாலையில் பாட்டு. சாப்பாட்டு நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. அவளே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.